பேசாத வில்லைகள்

இரண்டாவது மாடும் பலகையைத் தாண்டிப் போனது. சத்தம் வரவில்லை.

சுல்மா தடத்தின் குறுக்குக் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழைப் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். பின்னால் வந்த எருதுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. லாரி ஓட்டி வந்த தார்தோ மேலிருந்து எட்டிப் பார்த்து, என்னவென்று சைகையில் கேட்டான். அவள் பலகையைக் காட்டினாள்.

உருகுவாயில் காதில் மஞ்சள் வில்லை இல்லாத மாடு கிடையாது. வில்லைக்குள் ஒரு கம்பிச்சுருளும் அரிசிமணி அளவுக்கு ஒரு சில்லும் இருக்கும். பாட்டரி இல்லை. இறைச்சி ஆலையின் வாசல் தடத்தில் நிற்கிற பலகை ரேடியோ அலையை வீசும். அலை பட்டதும் வில்லை விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். பலகை 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்த எண் தலைநகர் மொந்தெவிதேயோவுக்கும், அங்கிருந்து கடல் தாண்டி இறைச்சி வாங்குகிறவர்களுக்கும் போய்விடும். நடுவில் யார் கையும் படாது. அதனாலேயே வாங்குகிறவர்கள் வாசல் பதிவைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை. வாசலில் பேசாத மாடு கப்பல் ஏறாது.

சுல்மாவின் மாடுகள் இதற்கு முன் வந்த இரண்டு தடவையும் பாதிக்குமேல் பேசவில்லை. இன்றும் அப்படியானால் அவள் பெயரை ஆலை கொள்முதல் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். எடுத்துவிட்டால் மேய்ச்சல் நிலத்தை யூக்கலிப்டஸ் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடவேண்டியதுதான். நிலத்தின் மூன்று பக்கமும் ஏற்கெனவே மரம் வந்தாயிற்று. மதியத்திலேயே அவள் சமையலறையில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

கொள்முதல் அதிகாரி பெந்தன்கோர் விறுவிறுவென்று வந்தார். அவசரத்திலும் 'தோன்யா' என்ற மரியாதைச் சொல்லை விடவில்லை.

"கதவைத் திறங்க, தோன்யா சுல்மா. பின்னாடி வரிசை ரோடு வரைக்கும் போயிடுச்சு."

"போகட்டும். நேத்து சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட வில்லையைப் படிக்கிற கைக்கோல் வாங்கி ஒவ்வொரு காதையும் பாத்தேன். ஒண்ணு விடாம பேசிச்சு. இங்க வந்து ஏன் ஊமையாகுதுன்னு தெரியாம திறக்க மாட்டேன்."

"வில்லை மட்டமா இருக்கும்."

"எல்லாருக்கும் வர்ற வில்லைதானே எனக்கும் வருது?"

பெந்தன்கோர் கெட்டவர் இல்லை. ஆனால் மற்ற பண்ணை மாடுகள் இதே பலகையில் ஒழுங்காகப் பேசுகின்றன என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. கடைசியில், கால்நடை மருத்துவர் பட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்வரை நேரம் தந்தார். அதற்குள் காரணம் தெரிந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து விடலாம். தெரியாவிட்டால் கதவு திறக்கும், நடந்தது நடந்ததாகப் பதிவாகும்.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் யமாண்டு வந்தான். பொறியியல் முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு கையில் துடைப்பக் கழி, அதன் நுனியில் புது வில்லை ஒன்று. இன்னொரு அக்குளில், எல்லோருக்கும் போலவே, மாத்தே என்கிற இலைத்தேநீர் குடிக்க வெந்நீர் பிளாஸ்க். தடத்தின் எதிர்ப்பக்கம் நின்று கழியை நீட்டினான். மாட்டின் காது போகும் உயரத்தில், காது போகும் தூரத்தில். பலகை வாயைத் திறக்கவில்லை.

"இது என் வில்லை இல்லையே?" என்றாள் சுல்மா.

"இல்ல. நான் இப்பதான் டப்பாவிலேர்ந்து எடுத்தேன்."

"அப்ப மேல பாரு, தம்பி."

அவன் இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தான். பெட்டியைத் திறந்து மூடினான். இதற்குள் லாரியில் ஒரு எருது வழுக்கி விழ, சுல்மா தன் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் அங்கே தார்தோவைத் திட்டிக்கொண்டிருந்தபோது பலகை பீப் என்றது. மறுபடியும் பீப். யமாண்டு சிரித்துக்கொண்டே கையசைத்தான். அவள் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றாள். பலகை ஊமையானது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். 

லாரியிலிருந்து இறங்கி வந்த தார்தோதான் ஆரம்பித்தான். "மாட்டுல ஒண்ணும் இல்ல. பலகை உங்களைப் பாத்துத்தான் பயப்படுது. என் மாமியார் வந்தா எங்க வீட்டு டிவியும் இப்படித்தான்."

"உன் மாமியார்கிட்ட போய்ச் சொல்றேன், இரு" என்றாள் சுல்மா. ஆனால் அவன் சொன்னது உறைத்தது. மற்ற பண்ணைக்காரர்கள் மாட்டை லாரிக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருப்பார்கள். அவள் ஒருத்திதான் கூடவே வந்து, கடைசி மாடு போகும்வரை பலகை ஓரமாகவே நிற்பவள். போன தடவை கண்ணைக்கூட எடுக்காமல் நின்றாள். அப்போதுதான் ரொம்ப மோசமாகப் போயிற்று.

அவளைக் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கச் சொன்னான் யமாண்டு. அவள் மறுத்துவிட்டாள். தள்ளிப் போனால் இன்றைக்கு வேலை நடக்கும், காரணம் தெரியாதே. அடுத்த தடவை வேறு எவனாவது வந்து இங்கே நிற்கமாட்டானா?

"என்கிட்ட என்ன இருக்குன்னு ஒண்ணொண்ணா பாப்போம்" என்றாள்.

முதலில் பெல்ட். வெள்ளிக் காசுகள் தைத்த அகலப் பெல்ட், கணவன் விட்டுப்போனது. கழற்றிக் கொண்டுபோய் வேலிமேல் போட்டாள். யமாண்டு கழியை நீட்டினான். சத்தமில்லை. இடுப்புக் கத்தி. இல்லை. போன். இல்லை. சாவிக்கொத்து. லாடம் அடித்த பூட்ஸையும் கழற்றி, ஜூலை மாதக் குளிர்காலச் சேற்றில் வெறும் காலுறையோடு நின்றாள். தூரத்தில் மருத்துவரின் வெள்ளைத் தொப்பி கடைசிப் பட்டிக்குள் நுழைவது தெரிந்தது.

"இனிமே தோலைத்தான் உரிக்கணும்" என்றார் பெந்தன்கோர். அவர் அக்குளிலும் ஒரு பிளாஸ்க் இருந்தது.

சுல்மா மாத்தேக் குடுவையை எடுத்தாள். யோசிக்க வேண்டுமென்றால் அவளுக்கு மாத்தே வேண்டும். குடுவையில் இலை இருந்தது. வெந்நீர்தான் ஊற்ற வேண்டும். பலகைக்கும் தூணுக்கும் நடுவே ஒரு இரும்புப் பட்டை உண்டு. அளவெடுத்துச் செய்ததுபோல் அதற்குள் பிளாஸ்க் கச்சிதமாக உட்காரும். மூன்று தடவையும் அவள் அங்கேதான் வைத்திருந்தாள். கை தன்னால் அதை உருவியது.

பீப்.

யமாண்டு கழியை நீட்டியபடியேதான் நின்றிருந்தான்.

அவள் பிளாஸ்கைப் பார்த்தாள். திருப்பிப் பட்டைக்குள் செருகினாள். அவன் கழியை ஆட்டினான், ஒன்றுமில்லை. உருவினாள். பீப். செருகினாள். ஒன்றுமில்லை.

"எவர்சில்வர்" என்றான் யமாண்டு. குரல் இறங்கியிருந்தது. "பலகைக்குள்ள இருக்கிற கம்பிச்சுருளை ஒட்டியே நிக்குது. அலையை அதுவே தின்னுடுது. கிட்ட உரசிப் போற மாடு பேசும், எட்டிப் போறது பேசாது. எனக்கு இது தெரிஞ்சிருக்கணும், தோன்யா. கண்ணுக்கு முன்னாடியே இருந்துச்சு."

"நம்மள்ல எவன்டா பிளாஸ்கை ஒரு பொருளா பாத்திருக்கான்?" என்றான் தார்தோ.

சுல்மா பூட்ஸை மாட்டிக்கொண்டாள். பிளாஸ்கைத் தார்தோவிடம் கொடுத்து, லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னாள். முன்னே போன இரண்டு மாடுகளையும் திருப்பிக் கொண்டுவர வைத்தாள். பிறகு தாழை எடுத்தாள்.

அதே இடத்தில்தான் நின்றாள். பிளாஸ்க் பக்கத்தில் இல்லாமல் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டாள். மாடுகள் போயின. பீப். பீப். ஒரு எருது பலகைக்கு எதிர்ச்சுவரை உரசிக்கொண்டு, எவ்வளவு எட்டிப் போகமுடியுமோ அவ்வளவு எட்டிப் போனது. அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பீப்.

கடைசி வாலும் உள்ளே மறைந்தபோது பெந்தன்கோர் திரையைப் பார்த்துத் தலையசைத்தார். ஒன்றுகூட விடவில்லை. அவள் பெயர் இருக்கும் என்றார்.

"முன்னாடி ரெண்டு தடவையும் என் வில்லை கெட்டதுன்னு போட்டிருக்கீங்க" என்றாள் சுல்மா. "அதையும் எடுக்கணும்."

"அது மொந்தெவிதேயோவுல கேக்கணும். இன்னிக்கு முடியுமான்னு தெரியல."

"கேளுங்க. நான் இருக்கேன்."

அவள் லாரியிலிருந்து பிளாஸ்கை வாங்கிக்கொண்டு, பலகையிலிருந்து வெகுதூரம் தள்ளி வேலிக்கட்டைமேல் உட்கார்ந்தாள். வெந்நீர் இன்னும் சூடாகத்தான் இருந்தது. முதல் மாத்தேயைத் தானே குடித்தாள். இரண்டாவதை ஊற்றிப் பெந்தன்கோர் பக்கமாக நீட்டினாள். நீட்டிய கையை இறக்கவில்லை.

அவர் வரிசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தன் பிளாஸ்கைத் தரையில் வைத்துவிட்டு வந்து குடுவையை வாங்கிக்கொண்டார். இன்னொரு கையால் போனை எடுத்தார்.