மலை வெடித்த மாதத்து மனிதன்

படகு பெக்வே துறையை நெருங்கும்போதுதான் ஓர்லெட் கவனித்தாள். கணவன் காஸ்மோர் மடியில் வைத்திருந்த சாக்குப் பொட்டலத்துக்குள் அரிவாள் இருந்தது. மற்றவர்கள் நீச்சல் உடையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்திறங்கும் தீவுக்கு இந்த மனிதன் அரிவாளோடு விடுமுறைக்கு வந்திருக்கிறான். கேட்டதற்கு, வீட்டில் விட்டால் துருப்பிடித்துவிடும் என்றான். ஒரு வாரத்தில் துருப்பிடிக்கிற அரிவாளை அவள் பார்த்ததில்லை. சிரித்து வைத்தாள். இவனைத் தோட்டத்திலிருந்து கிளப்பிக் கொண்டுவர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சண்டையோடு ஆரம்பிக்க மனமில்லை.

அவர்கள் இங்கே வருவது முதல் முறை அல்ல. பெரிய தீவில் எரிமலை வெடித்த அந்த ஏப்ரலில், அடிவாரத்திலிருந்த அவர்களுடைய சாண்டி பே கிராமமே போட்டது போட்டபடி படகேறி இங்கே வந்தது. இங்கே விடுதி நடத்தும் இஸ்மே அக்கா அதை அவர்களுக்குத் திறந்துவிட்டாள். வெளிநாட்டுக்காரர்கள் படுக்கிற கட்டிலும் கடல் பார்த்த வராந்தாவுமாக இவர்களுக்கும் ஓர் அறை கிடைத்தது. சாம்பல் பாரம் தாங்காமல் இடிந்த கூரைகளை நினைத்து ஊரே அழுதுகொண்டிருந்தபோது ஓர்லெட்டுக்கு மட்டும் வேறொன்று நடந்தது. வெளியே சொன்னால் ஊர் அவளைக் காறித் துப்பும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்போதுதான் புருஷன் அவளோடு பேசினான்.

ஊரில் காஸ்மோர் விடியுமுன் மலைத்தோட்டத்துக்குப் போவான், பொழுது சாய வருவான், சாப்பிட்டுச் சரிந்துவிடுவான். கெட்டவன் இல்லை. சேப்பங்கிழங்குக்கும் வாழைக்கும் கொடுத்தது போக அவனிடம் மிச்சம் எதுவும் இருக்காது, அவ்வளவுதான். இங்கே தோட்டம் இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து பேசினான். கடலோடு போன தம்பியைப் பற்றி, சர்ச்சில் அவளை முதலில் பார்த்த அன்று அவள் உடுத்தியிருந்த மஞ்சள் கவுனைப் பற்றி. அவளைக் காலடியில் உட்காரவைத்துச் சடை பின்னிவிட்டான். கோணல்மாணலான அந்தச் சடையை அவிழ்க்காமலே அவள் நாள்கணக்கில் திரிந்தாள். பிறகு ஊர் திரும்பினார்கள், கூரையைச் சரிசெய்தார்கள். அவன் மலைக்குப் போனான், வந்தான், சரிந்தான். அந்த ஏப்ரல் மாதத்து மனிதன் இந்த வராந்தாவிலேயே தங்கிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அவனைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறாள்.

இஸ்மே அக்கா அதே அறையைக் கொடுத்தாள். அப்போது பாத்திரம் கழுவிக் கொடுத்த பழக்கத்தில் ஓர்லெட் அடுக்களைக்குள் நுழைய, விருந்தாளிக்கு இங்கே என்ன வேலை என்று வெளியே விரட்டினாள். காஸ்மோரை விரட்ட ஆளில்லை. மறுநாள் விடியும்போது கொல்லைப் பக்கம் அரிவாள் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் புதரெல்லாம் காணாமல் போய், வாழைக்குப் பாத்தியும் கட்டியிருந்தான்.

"ஏண்டி, நீ எனக்கு வாடகை குடுக்கணுமா, இல்ல நான் உன் புருஷனுக்குக் கூலி குடுக்கணுமா?" என்றாள் இஸ்மே அக்கா.

ஓர்லெட்டுக்குச் சிரிப்பு வந்தது. அன்று சாயங்காலம் கையில் சீப்பைக் கொடுத்து, அவனை வராந்தா நாற்காலியில் உட்காரவைத்து, காலடியில் உட்கார்ந்துகொண்டாள். அவன் பின்ன ஆரம்பித்தான். பாதியில் கை நின்றது. வடக்கே, தங்கள் தீவுப் பக்கம் மேகம் கறுப்பதைப் பார்த்து, மழை விடாமல் பெய்தால் கிழங்கு அழுகிவிடுமே என்றான்.

அவள் திரும்பாமலே கேட்டாள். "அப்ப எங்கிட்ட எவ்வளவு பேசின. இப்ப ஏன்யா பேச மாட்டேங்கிற?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

"அப்ப பயமா இருந்துச்சு ஓர்லெட். தோட்டம் போச்சு, வீடு இருக்கோ இல்லையோ, நாளைக்கு என்னன்னே தெரியல. வாய மூடினா அழுதுடுவேன்னு இருந்துச்சு. அதான் பேசிக்கிட்டே கெடந்தேன்." சீப்பை மறுபடி ஓட்டினான். "இப்பதான் எல்லாம் நல்லாருக்கே."

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. புருஷனுக்குப் பயம் தெளிந்ததற்கு ஒரு பெண்டாட்டி சந்தோஷப்பட வேண்டும். அவளால் முடியவில்லை. அவள் ஏங்கிக் கிடந்தது அவனுடைய பயத்துக்கா? அப்படியென்றால் தன்னைப் போல ஒரு பாவி உண்டா என்று நினைத்தாள். அப்படி நினைத்த பிறகும் ஏக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

காலையில் அவள்தான் முதலில் எழுந்தாள். வராந்தாவில் நின்றபோது வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. கடலுக்கு அப்பால், பெரிய தீவின் கடைசியில் மலை மொட்டையாகத் தெரிந்தது. கண்ணெடுக்காமல் உச்சியையே பார்த்தாள். எதைத் தேடுகிறோம் என்று புரிந்ததும் உடம்பு கூசியது. ஆனாலும் பார்வையைத் திருப்பவில்லை.

காஸ்மோர் கொக்கோ கோப்பைகளோடு வந்து பக்கத்தில் நின்றான். அவள் பார்க்கும் திசையைப் பார்த்தான். கோப்பைகளைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு அவள் தோளில் கை போட்டான். இங்கு வந்த பிறகு இதுதான் முதல் தடவை.

"பயப்படாதம்மா. அது தூங்குது. இனி நம்ம காலத்துல எந்திரிக்காது."

"ம்" என்றாள்.

உச்சியில் புகை போல வெள்ளையாக ஏதோ ஒரு துணுக்குத் தெரிந்தது. ஓர்லெட் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேகம்தான். மெல்ல விலகிக் கடல் பக்கம் போனது.