அய்யனார் தீப்பெட்டி

உக்கிரபாண்டி முப்பது வருடம் பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்றவர். உள்ளே போகிறவர்களின் மடியைத் தடவித் தீப்பெட்டியைப் பிடுங்குவதுதான் வேலை. 2007 கோடையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கண்மாய்க்கரைப் பூங்காவுக்குக் காவலாளி ஆனார். கை மட்டும் பழைய வேலையை விடவில்லை.

பூங்காவைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். சிமெண்டுக் காளான்களை உடைத்தாயிற்று, ஒலிபெருக்கியை இறக்கியாயிற்று. மயில் முட்டையிடும் புதர்களைத் தொடாமல் சுற்றி மண்பாதை போட்டிருந்தார்கள். காய்ந்த புல் என்பதால் நெருப்புக்குத் தடை. நடுவில் அய்யனார் இருப்பதை உத்தரவு எழுதியவர் யோசிக்கவில்லை.

ஒரு நாள் காலை வந்த மாடத்தியின் முந்தானை முடிச்சில் தீப்பெட்டி இருந்தது. உக்கிரபாண்டி வாங்கி வைத்துக்கொண்டார்.

“குடுங்கண்ணே. இசைவாணிக்கு இன்னைக்கு மதுரையில ஆபரேசன். விளக்குப் போட்டுட்டுப் பத்தரை பஸ்ஸைப் பிடிக்கணும்.”

இசைவாணி அவள் மகள். பட்டாசு வேலையில் வெடிமருந்து தீப்பற்றி முழங்கைவரை வெந்துபோனவள்.

பூங்காவுக்குப் புதுத் திட்டம் போட வந்திருந்த ஜெயச்சந்திரன் வரைபடத்தோடு பக்கத்தில் நின்றார். “சாமிக்கு பேட்டரி விளக்கு வச்சிடலாம்மா.”

“அதைக் காலண்டர் சாமிக்கு வைங்க சார். இவருக்கு நெருப்புத்தான்.”

விட்டால் வேலை போகும். புல் பற்றினால் காடே போகும். விடாவிட்டால், மகளுக்கு என்ன ஆனாலும் இவள் இந்த வாசலைத்தான் நினைப்பாள்.

“சார், கம்பெனியிலயும் அடுப்பு எரியத்தான் செய்யும். மருந்தை விட்டு எட்டத்துல இருக்கும், அம்புட்டுத்தான்” என்ற உக்கிரபாண்டி மண்வெட்டியை எடுத்தார்.

பீடத்தைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கினார். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் வைத்தார்.

“இனி யாரும் நெருப்புக் கொண்டுவர வேண்டாம். தீப்பெட்டி எங்கிட்ட இருக்கும். விளக்குப் போட வாரவுககூட நான் வருவேன்.”

“மேல ஒத்துக்கலைன்னா?” என்றார் ஜெயச்சந்திரன்.

“என்னையச் சொல்லுங்க.”

ஜெயச்சந்திரன் வரைபடத்தில் அய்யனாரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அடியில் தன் கையெழுத்தையும் போட்டார்.

உக்கிரபாண்டி குச்சியை உரசினார். ஒடிந்தது. அடுத்தது அணைந்தது.

“ஊர்ப்பட்ட தீப்பெட்டியைப் பிடுங்குனீக, ஒண்ணப் பத்தவைக்கத் தெரியலையேண்ணே” என்றாள் மாடத்தி.

மூன்றாவது பற்றியது. அவள் கும்பிட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

விளக்கு அணையும்வரை உக்கிரபாண்டி வாளியை விட்டு நகரவில்லை. பிறகு தீப்பெட்டியைத் தன் மடியில் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.