தோள்மேல் விழுந்த சடை

சத்தியபாமா வேஷம் கட்டுபவர் திரைக்குப் பின்னால் நின்று தம் நீண்ட சடையைத் திரைக்கு மேலே எடுத்துப் போடுவார். என்னை மிஞ்சி ஆடுகிறவன் எவனாவது இருந்தால் வந்து பிடித்துப் பார்க்கட்டும், ஜெயித்தால் வேஷம் அவனுக்கு என்று அர்த்தம். குச்சிப்புடி ஊரில் கோதண்டராமய்யாவின் சடையை எவனும் தொட்டதில்லை. தொட்டுவிட்டு அதே ஊரில் குடித்தனம் நடத்த முடியுமா?

அறுபதைத் தாண்டியும் அவர்தான் பாமா. சலங்கைக்கு முன்னால் மூட்டுச் சத்தம்தான் கேட்கிறது என்று குளத்துப் படியில் பேச்சு. மூத்த சீடன் சர்வய்யாவோ தலை நரைத்தும் பாமாவின் தோழி மாதவி வேஷத்திலேயே நின்றான். அடுத்த பாமா அவன்தான் என்று ஊருக்கே தெரியும். குருவின் வாயிலிருந்துதான் வரவில்லை.

அந்த வருஷம் கோயில் உற்சவத்தன்று அவர் மனைவி மங்கதாயாரு அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏங்க, இந்தக் காலை வச்சிக்கிட்டு இன்னும் எதுக்கு? வேஷத்த சர்வய்யாகிட்ட குடுத்துடுங்களேன்."

"கூப்பிட்டுக் குடுத்தா அது பிச்சைடி. இன்னிக்கு சடைய அவன் மேலயே போடுறேன். புடிக்கட்டும். ஊர் முன்னாடி தோத்துட்டு சந்தோஷமா எறங்கிடுறேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"சொல்லிவச்சுப் புடிச்சா அது சவாலா? நீ வாயத் தொறந்தா தெரியும் சேதி!"

எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதை அடுத்த தெருவரை கொண்டுபோய்ச் சேர்ப்பவள் மங்கதாயாரு. அன்று பார்த்துப் பதிவிரதையாகிவிட்டாள்.

விளக்கேற்றியதும் ஆட்டம் தொடங்கியது. சடை பறந்து வந்து, திரைக்கு முன்னால் மாதவியாக நின்ற சர்வய்யாவின் தோள்மேல் விழுந்தது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மங்கதாயாரு மனசுக்குள் கத்தினாள். 'புடிடா, மடையா.' அவன் இரண்டு கையாலும் எடுத்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல் மெல்லத் திரைமேல் திருப்பி வைத்தான்.

"சீடன்னா இவன்டா!" என்று ஊரே உருகியது.

கோதண்டராமய்யா ஆடி முடித்தார். அரிதாரத்தைத் துடைக்கும்போது, "பயந்தாங்கொள்ளி" என்றார். அவ்வளவுதான். மறுவருஷம் அவருக்குக் கால் எழவில்லை. வேஷத்தை மசூலிப்பட்டணத்துத் தம்பி மகனிடம் கொடுத்தார். அந்தப் பையன் ஆடியதைப் பார்த்த பாவம் ஊருக்கு. சர்வய்யா சலங்கையைக் கழற்றிவிட்டுக் குடிவாடாவில் மருந்துக்கடை வைத்தான்.

குரு போய்ச் சேர்ந்து சில மாதம் கழித்து சர்வய்யா வந்தான். தொந்தி போட்டிருந்தது. மங்கதாயாரு பச்சைப்பயறு அரைத்துப் பெசரட்டு வார்த்துப் போட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னிக்கு ஏண்டா புடிக்கல?"

"புடிக்கணும்னு வெரல் துடிச்சுது அத்தை. ஆனா அவரு உசிரே அந்த வேஷத்துலதான இருந்துச்சு. நான் புடுங்கினா தாங்குவாரா?" தலையைத் தூக்கினான். "திருப்பிக் குடுத்ததுல அவருக்கு சந்தோஷந்தான?"

அவள் தோசைத் திருப்பியால் இன்னொரு பெசரட்டை அவன் தட்டில் தள்ளினாள்.

"ரொம்ப" என்றாள். "சாவுற வரைக்கும் அதத்தான்டா சொல்லிக்கிட்டிருந்தாரு."

அவன் முகம் மலர்ந்தது. சட்னி கொண்டுவருகிறேன் என்று அவள் உள்ளே போனாள். அவன் தட்டில் முன்பே வைத்த சட்னி தொடாமல் அப்படியே இருந்தது.