முன்பக்கத்து இடது ஸ்ப்ரிங்

எங்கள் கார் ஜூன் மாதத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. முன்பக்கத்து இடது ஏர் ஸ்ப்ரிங் கிழிந்துபோயிருந்தது. மற்ற கார்களில் இரும்புச் சுருள் இருக்கும் இடத்தில் இதில் காற்றடைத்த ரப்பர் பை. ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான பழைய கார். அதன் உதிரிபாகங்களைக் கடவுளிடம்தான் கேட்க வேண்டும்.

டேவிஸுக்குக் கார் பைத்தியம் என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். என் மனைவி ஜெசிந்தாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆன பிறகு, அவளைக் குலுங்காமல் ஏற்றிப்போக எங்களுக்கு இதைவிட்டால் வேறு வண்டி கிடையாது. கார் படுத்த நாளிலிருந்து அவள் வாசற்படி தாண்டவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்போது வெளியே போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சும்னே அலையாதீங்க சார். நாலு சக்கரத்துக்கும் சாதா ஸ்ப்ரிங் போட்டுத் தரேன், இந்த வாரமே ஓட்டிட்டுப் போங்க" என்றார் மெக்கானிக் பசவராஜ், கன்னடம் கலந்த தமிழில். சாதா ஸ்ப்ரிங் என்றால் ரோட்டிலுள்ள ஒவ்வொரு குழியும் அவள் முதுகில் இறங்கும். முடியவே முடியாது என்று கத்திவிட்டு வந்தேன்.

ஆன்லைனில் தேடி, துபாயிலிருந்து ஒன்றை வரவழைத்தேன். அது பொருந்தவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த வருஷத்தைக் கொடுத்து ஆர்டர் செய்திருந்தேன். அது கார் இங்கே பதிவான வருஷம். கார் தயாரானது அதற்கும் முன்னால். நடுவில் அந்தப் பாகத்தின் அளவையே மாற்றிவிட்டார்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்திருக்க வேண்டும். எல்லாம் என் அவசரபுத்தி. ஆத்திரத்தில் அந்தப் பெட்டியை எட்டி உதைத்தேன், கால்விரல் வீங்கியதுதான் மிச்சம்.

அதன்பிறகு போனும் கையுமாகவே திரிந்தேன். சாப்பிடும்போதும் போன், சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவிலும் போன். ஜெசிந்தா ஏதாவது பேச வந்தால் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டுவேன்.

அப்போதுதான், ஜெசிந்தா டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் அவளோடு இருபது வருஷம் வேலை பார்த்த நிர்மலா டீச்சரின் பிரிவுபசார விழா வந்தது. சனிக்கிழமை சாயங்காலம், அங்கேயே. எப்படியாவது போயாக வேண்டும் என்றாள். காரிலேயே கூட்டிப்போகிறேன் என்று சத்தியம் செய்தேன்.

பெங்களூரில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் சேஸிஸ் நம்பருக்குப் பொருந்தும் ஸ்ப்ரிங் இருந்தது. மத்தியானத்துக்குள் கொண்டுவந்தால் உடனே மாட்டித் தருவதாக பசவராஜ் சொல்லியிருந்தார். சனிக்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறினேன். வாங்கியும்விட்டேன். திரும்பும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் டிரைவரை மனசுக்குள் திட்டினேன். ஊர் நெருங்கும் நேரத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் டிராபிக் நகரவே இல்லை. ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. விழுந்துவிட்டாளோ என்று மறுபடி மறுபடி அடித்தேன்.

வீடு பூட்டிக் கிடந்தது. டீச்சரம்மா இரண்டு தலையணையோடு ஆட்டோவில் போனார் என்று எதிர்வீட்டு தேவம்மா சொன்னார். ஆட்டோவில்.

ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விழா முடிந்து கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா முன்வரிசையில், முதுகுக்குத் தலையணை வைத்து, பழைய டீச்சர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வர ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பக்கத்தில் போய், நான் இதற்காக நாயாய் அலைகிறேன், முதுகு என்னவாகும் என்று யோசித்தாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அவள் என் கையிலிருந்த ஸ்ப்ரிங்கைப் பார்த்தாள்.

"வலிச்சுதுங்க. வீட்டுல உக்காந்திருந்தப்பவும் வலிச்சுது. நான் வெளிய போகணும்னுதான் கேட்டேன். கார்லதான் போகணும்னு எப்பவாவது கேட்டேனா?"