புகைக் கட்டடத்தில் அண்ணியும் நாத்தனாரும்

தீயணைப்புப் படையில் அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். ஆனால் அந்த வாரம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அடைத்த இடத்துக்குப் பயந்து அண்ணி குளிக்கும்போதுகூடக் கதவைத் தாழிடுவதில்லை என்று நாத்தனார் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்ததுதான் காரணம்.

"இவங்கதான் எரியற வீட்டுக்குள்ள நுழையப் போறாங்களாம்!"

மாமியார் சிரிக்கவில்லை. "நெஜமாவா?" என்று மட்டும் கேட்டார். படையில் சேர அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் அண்ணிக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. "சும்மா சொல்றா அத்தை" என்று சமாளித்தாள்.

இந்த வீட்டுச் சண்டை பயிற்சி அதிகாரிக்குத் தெரியாது. இருவரையும் ஜோடியாக உள்ளே அனுப்பினார்.

பயிற்சிக் கட்டடத்தின் கோடி அறையில் மரப்பலகைகள் எரிந்துகொண்டிருந்தன. தண்ணீர்க் குழாயை இழுத்தபடி முன்னால் அண்ணி, பின்னால் நாத்தனார். நடைவழியில் கையை நீட்டினால் கை தெரியாத புகை. தவழ்ந்துதான் போக முடியும். எரியும் வீட்டில் கூரை சரிந்தால் வயர்கள் கொத்தாகத் தொங்கும் என்பதால் அங்கேயும் வேண்டுமென்றே வயர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணியின் முதுகிலிருந்த காற்றுச் சிலிண்டர் அதில் சிக்கியது.

அவள் முன்னால் இழுத்தாள். வயர் இறுகியது. இன்னும் பலமாக இழுத்தாள். இப்போது தோளையும் பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் சுவர். மூச்சு வேகமாகி, யாரோ நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. கை தானாக முகக்கவசத்தின் பட்டைக்குப் போனது.

மூச்சிரைப்பைக் கேட்ட நாத்தனார் மேலே விழுந்து, தடவி அந்தக் கையைப் பிடித்தாள்.

"மாஸ்க்ல கை வைக்காதீங்க அண்ணி! புகைதான் உள்ள போகும்!"

"மூச்சு முட்டுது... விடுடி!"

"காத்து நிறைய இருக்கு. இருங்க, அதிகாரியக் கூப்பிடறேன்."

"வேணாம்! கூப்பிட்டா என்னை அனுப்பிடுவாங்க. அத்தை முகத்துல எப்படி முழிப்பேன்?"

உள்ளேயும் இருக்க முடியவில்லை, வெளியேயும் போக முடியவில்லை. அண்ணிக்கு அழுகை வந்தது. நாத்தனார் வாக்கி டாக்கியை அழுத்தினாள்.

"சார், நடைவழில மாட்டிக்கிட்டோம். ரெண்டு பேரும்."

அண்ணிக்கு அது காதில் விழுந்தது. மாட்டியது ஒருத்திதான்.

"முன்னால இழுக்காதீங்க" என்றாள் நாத்தனார். "பின்னால வாங்க. என் மேல இடிச்சா பரவால்ல."

உடம்பு முழுக்க முன்னால் பாயத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். வயர் கொஞ்சம் தளர்ந்தது. ஒருக்களித்துப் படுத்துத் தோளை உருவினாள். சிலிண்டர் விடுபட்ட நேரத்தில் அதிகாரியின் விளக்கு புகைக்குள் மங்கலாகத் தெரிந்தது.

வெளியே வந்ததும் அதிகாரி கேட்டார். "ரெண்டு பேரும் எப்படி ஒரே வயர்ல மாட்டினீங்க?"

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "மாட்டினது நான்தான் சார். அடைச்ச இடம்னா எனக்கு பயம். மாஸ்க்கைக் கழட்டப் பாத்தேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "மறுபடி மாஸ்க்ல கை வெச்சா வீட்டுக்குப் போயிடணும். அடுத்த வாரம் இதே வழி."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையின் கால்களுக்கிடையில் நாத்தனார் துணி காயப்போடும் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். அண்ணி கண்ணைக் கட்டிக்கொண்டு, முதுகில் பையோடு உள்ளே தவழ்ந்தாள். சத்தம் கேட்டு மாமியார் வந்தார்.

"என்னடி கூத்து இது?"

மேஜைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "அவ அன்னிக்குச் சொன்னது நெஜம்தான் அத்தை. பழகிட்டிருக்கேன்."

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமும் வயர் பிடித்தது. அதே இருட்டு, அதே நெஞ்சடைப்பு. பட்டைக்குப் போகத் துடித்த கையைத் தரையோடு அழுத்திக்கொண்டு, அண்ணி பின்னால் நகர்ந்தாள்.