குறட்டை நின்ற வீடு

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, துறைமுகத்தின் மூன்றாம் மேடையில் கிரேனிலிருந்து இறங்கிய ஒரு கன்டெய்னர், லாரியின் மேல் உட்காராமல் பக்கவாட்டில் உரசித் தரையில் நின்றது. லாரி ஓட்டுநர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். யாருக்கும் காயமில்லை.

கிரேனை இயக்கியவள் இறங்கி வந்து, சில விநாடி கண்ணயர்ந்துவிட்டதாகத் தானே சொன்னாள். பல ஆண்டுகளாக அந்த உயரத்துக் கேபினில் உட்கார்ந்தவள். லாரிக்காரர்களுக்கு அவள் ‘மேல இருக்கிற அக்கா’. மறுநாளே கிடங்குக்கு மாற்றினார்கள். கயிறும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. தரைக்கு வந்த பிறகும் லாரிக்காரர்கள் அந்தப் பெயரை மாற்றவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. தூக்கக் கோளாறு தீர்ந்தது என்று ஆண்டு முடிவதற்குள் பரிசோதனை காட்டினால் கேபின், இல்லாவிட்டால் கிடங்கே நிரந்தரம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

அவள் கணவன் பம்பு மோட்டார் பழுதுபார்ப்பவன். பட்டறையில் நாலைந்து மோட்டார் ஒன்றாக ஓடினாலும் எதில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்வான். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் காது ஓய்வதில்லை. மனைவியின் குறட்டை ஓடிக்கொண்டிருக்கும்வரை நிம்மதியாகத் தூங்குவான். நின்றால் விழித்துக்கொள்வான். அவளுடைய இடது தோளில் ஒரு தள்ளு. அவள் திணறி மூச்சிழுப்பாள், குறட்டை மறுபடி தொடங்கும். கல்யாணமான புதிதில் ஏற்பட்ட பழக்கம். இப்போதெல்லாம் அவன் முழுதாக விழிப்பதற்கு முன்பே கை போய்விடும்.

மூக்கில் மாட்டிக் காற்றைச் செலுத்தும் இயந்திரத்தைத்தான் முதலில் கொடுத்தார்கள். அதைத் தூக்கத்திலேயே பிய்த்து எறிந்தாள். பிறகுதான் தாடை அறுவை செய்யும் டாக்டரம்மாவிடம் போனார்கள். ஸ்கேன் படத்தில், அவளுடைய நாக்குக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. காற்று போகிற வழி அதுதான். இளநீர் குடிக்கும் குழல் அளவுகூட இல்லை. பிறவியிலேயே தாடை உள்வாங்கியிருப்பதால், படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து அந்த வழியையும் அடைக்கிறது என்று டாக்டர் விளக்கினார்.

“மேல்தாடை, கீழ்த்தாடை ரெண்டையும் அறுத்து முன்னால கொண்டுவந்து தகடு வெச்சுப் பொருத்தணும். நாக்கும் கூடவே முன்னால வரும்.”

“குழாயப் பெருசு பண்றீங்க, அப்படித்தானே?” என்றான் கணவன்.

“குழாயத் தொடமாட்டோம். முன்னால இருக்கிற சுவத்தைத்தான் நகர்த்தறோம்.”

முகம் கொஞ்சம் மாறும், உதடு நெடுநாள் மரத்துப்போயிருக்கலாம், எல்லோருக்கும் முழுதாகக் குணமாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

மே மாதம் அறுவை நடந்தது. பல வாரங்களுக்கு எல்லாமே நீராகத்தான். கணவன் கைக்குக் கிடைத்ததையெல்லாம் மிக்ஸியில் போட்டான். மரத்த உதட்டிலிருந்து கஞ்சி வழிவது அவளுக்கே தெரியாது. அவன் தன் மோவாயைத் தொட்டுக் காட்டுவான், அவள் துடைத்துக்கொள்வாள். வீக்கம் வடிந்தபோது பார்க்க வந்த அவளுடைய அண்ணன், “இந்த வயசுல உனக்குத் தாடை முளைச்சிருக்கு பாரு” என்றார். பற்களைக் கட்டியிருந்த ரப்பர் வளையங்களால் அவளால் சிரிக்க முடியவில்லை. தலையணையை எடுத்து வீசினாள்.

புதுப் படத்தில் அந்தக் கறுப்புக் கோடு கட்டைவிரல் அகலத்துக்கு விரிந்திருந்தது. குறட்டை அடியோடு நின்றது. ஆனால் பகலில் அசதி போகவில்லை. கிடங்கில் நின்றுகொண்டே கொட்டாவி விட்டாள்.

அக்டோபரில் பரிசோதனைக் கருவியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். விரலில் ஒரு கவ்வி, மூக்கில் ஒரு குழல், மார்பில் ஒரு பட்டை. முடிவைப் பார்த்த டாக்டரின் நெற்றி சுருங்கியது. மூச்சு எங்கும் நிற்கவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கவில்லை. ஆனாலும் இரவு முழுக்க உடம்பு திடுக்கிட்டுப் புரண்டிருக்கிறது, இதயத் துடிப்பு எகிறியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு கேபினுக்கு அனுப்பச் சொல்லி எழுத முடியாது என்றார்.

எலும்பை அறுத்துக்கொண்டும் கிடங்குதானா என்று கேட்டாள் அவள்.

“வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?” என்றார் டாக்டர்.

“காலைல எந்திரிச்சா தோள் வலிக்குது.”

“எந்தத் தோள்?”

“இடது.”

டாக்டர் கணவனைப் பார்த்தார். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

“நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?”

“சத்தமே வரலீங்க டாக்டர்” என்றான் அவன், கேட்காத கேள்விக்கு. “மோட்டார் நின்னுபோச்சுன்னா நான் எப்படிச் சும்மா படுத்திருக்கிறது?”

அவள் திரும்பி அவனை முறைத்தாள். “அப்ப ராத்திரி பூரா என்னைத் தள்ளிக்கிட்டா இருந்தீங்க?”

“நீ உயிரோட இருக்கியான்னு பார்த்தேன்.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல மூச்சுக்குச் சத்தம் இருக்காது என்று பொறுமையாகச் சொன்னார். “காதை நம்பாதீங்க. வயிறு ஏறி இறங்குதான்னு பாருங்க.” பரிசோதனை அன்றைக்காவது வேறு அறையில் படுக்கச் சொன்னார்.

வேறு அறைக்குப் போனால் வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார், அதற்குப் பக்கத்திலேயே படுப்பது தேவலை என்றாள் அவள். முதலில் பகலில் பழகட்டும் என்பது அவள் யோசனை. ஞாயிற்றுக்கிழமை மதியம் படுக்கையில் சாய்ந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு அவனை உட்காரவைத்தாள். “பாருங்க. தொடக் கூடாது.”

பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும்போது போடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்தான். அவள் தூங்கிப்போனாள். சத்தம் இல்லை. அவன் கை இரண்டு முறை எழுந்து பாதி வழியில் நின்றது. போர்வை ஏறியது, இறங்கியது. அப்புறம் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். வெகுநேரம் கழித்து, அவளுடைய மூக்கோரம் ஒட்டியிருந்த ஒரு முடி வெளியே போவதும் திரும்பி வருவதுமாக இருந்ததைக் கண்டுபிடித்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் தள்ளி எழுப்பவில்லை.

இப்படி மூன்று ஞாயிறுகள் போயின. நவம்பர் இறுதியில் கருவியை மறுபடி மாட்டினார்கள். அவன் பக்கத்திலேயே, தன் கையைத் தன் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தான். முடிவு சரியாக வந்தது.

டிசம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் மூன்றாம் மேடையின் ஏணியில் ஏறினாள். முதல் கன்டெய்னர் லாரியின் மேல் உட்கார்ந்தது.