அண்ணன் வரைந்த சந்துகள்

"ஒரு பட்டன்தானேண்ணா. அமுக்கிட்டுப் போயேன்" என்றாள் தங்கை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி.

மேட்டுச் சந்துகளில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப்போய்ப் புண் கட்டும் நர்ஸ் அவள். அந்தச் சந்துகள் எந்தக் கம்பெனி மேப்பிலும் கிடையாது. யாரும் வரையலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்த பொது மேப்பில் மட்டும் இருந்தன. வரைந்தவன் பஸ் டிரைவரான அவள் அண்ணன். லீவு நாளெல்லாம் கால் தேய நடந்து வரைந்தவை. இப்போது அந்த மேப்பின் உரிமம் மாறுகிறது. புது விதிக்குச் சம்மதம் என்று பட்டன் அமுக்காதவர்கள் வரைந்ததெல்லாம் மாதக் கடைசியில் அழிந்துவிடும்.

"எடுக்கறவன், தான் சேர்த்ததையும் பொதுவுல வைக்கணும்னாங்க, இப்போ வேணாங்கறாங்க. அந்த வாக்கை நம்பித்தான் போட்டேன். பாதி வழியில ரூட்டை மாத்தினா ஏறினவன் என்ன பண்ணுவான்?"

"நாளைக்கு அங்க ஒருத்தருக்கு மூச்சு முட்டினா ஆம்புலன்ஸ்காரன் உன் நியாயத்தையா பாப்பான்? மேப்பைத்தான் பாப்பான்."

"அப்போ தப்பு என் மேலங்கற."

"யார் மேலன்னு சொல்லல. சந்து காணாமப் போயிடும்னு சொல்றேன்."

"இவர் பிடிச்ச முயலுக்கு மூணே கால்தான், விடு" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து.

மாதம் முடிந்தது. மேடு, மேப்பில் மொட்டையாகிப் போனது. அடுத்த லீவு நாளில் தங்கை போனோடு கிளம்பினாள். அண்ணன் வரைந்த பழையதைப் பார்த்து வரையக் கூடாது, அதுவும் அவனுடையதாகவே கணக்காகி அழிந்துவிடும். கண்ணால் கண்டதைத்தான் வரைய வேண்டும். மேட்டின் அடிவாரத்தில் அண்ணன் நின்றிருந்தான்.

"சும்மா, துணைக்கு" என்றான்.

அவள் முன்னால் ஏறினாள். ஓரிடத்தில் சந்து இரண்டாகப் பிரிந்தது.

"எதுண்ணா தண்ணித் தொட்டிக்குப் போகுது?"

நாக்கு நுனிவரை வந்ததை அவன் விழுங்கிக்கொண்டான். "நான் சொன்னா அது மறுபடி என்னோடதாயிடும்."

அவள் அவனை ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு இடப்பக்கம் திரும்பினாள். அங்கே சுவர்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். சுவர் இடிந்திருக்கக்கூடாதா என்று முதல்முறையாக நினைத்தான்.

"முட்டுச்சந்து" என்று அவள் குரல் வந்தது.

அவன் உள்ளே போனான். உச்சி வெயிலில் போன் திரை ஒன்றுமே தெரியாமல் பளபளத்தது. இரண்டு கைகளையும் குவித்து அதன் மேல் நிழல் பிடித்தான். அந்த நிழலுக்குள், சுவர்வரை ஒரு சின்னக் கோடு இழுத்துக்கொண்டிருந்தது அவள் விரல்.